பொறுத்துக்க மாப்ள

எஞ்சினைப் பிரித்துப் பார்க்கக் கம்பெனிக்கு ஒரு காரணம் இருந்தது. அது புது எஞ்சின், பாரம் இல்லாமல் ஓட்டிப் பழக்கும் பழக்க ஓட்டம்கூட முடியாதது. ஆயில் இல்லாமல் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது, உள்ளே எதெல்லாம் கெட்டிருக்கிறது, திரும்ப மாட்டலாமா, உருக்கிவிட வேண்டியதுதானா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். எனக்கும் என் மதினி மெட்டில்டாவுக்கும் தெரிய வேண்டியது வேறு. என் அண்ணன் கஸ்பார், படகிலிருந்து தீவின் கலங்கரை விளக்கு தெரிவதற்கு முன்பு இறந்தானா, தெரிந்த பிறகு இறந்தானா என்பது.

டாக்டரைக் கேட்டோம். எஞ்சின் அறையில் புகை நிறைந்து மூச்சு நின்றிருக்கிறது என்றார். நேரம் சொல்ல முடியாது என்றார். அறையின் சூட்டில் உடம்பு ஆறவே இல்லையாம். எஞ்சினின் பேச்சுப் பெட்டியில் பதிவு இருந்திருக்கும். ஆனால் கட்டிப்போட்ட படகில் மழைத்தண்ணீர் ஏறிப் பெட்டியும் செத்துப்போனது. மிச்சம் இருந்த சாட்சி எஞ்சின் மட்டும்தான்.

அந்த எஞ்சினைப் பொருத்த வந்தவளும், பிறகு பிரித்தவளும் நசீமாதான். காயல்பட்டினத்துப் பெண், கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர். கடற்பாசி எண்ணெயில் ஓடும் எஞ்சின்கள் அதற்கு முன்பே துறைமுகத்துக்கு வந்துவிட்டன. ஆனால் நோவு உள்ள எஞ்சின் எங்கள் பக்கத்தில் அதுதான் முதல்.

"பழைய எஞ்சின்ல ஆயில் கொறஞ்சா என்ன ஆகும்ணே?" என்று அன்றைக்கு அவள் அண்ணனிடம் கேட்டாள்.

"செவப்பு லைட்டு எரியும்."

"எரிஞ்சா என்ன செய்வீங்க?"

"பல்பக் கழத்திருவோம்."

நசீமா சிரிக்கவில்லை. "அதனாலதான் இதுக்கு நோவு குடுத்திருக்கோம். ஒவ்வொரு பேரிங்கிலயும் நரம்பு மாதிரி கம்பி ஓடுது. ஆயில் கொறஞ்சா இதுக்கு வலிக்கும். வலிச்சா தானா நின்னுடும்."

"நடுக்கடல்ல நின்னா நாங்க என்ன செய்யதுக்கு? துடுப்புப் போடவா?"

"அதுக்கும் வழி இருக்கு. நீங்க 'பொறுத்துக்க'ன்னு ஒரு தடவ சொன்னாப் போதும். வலியோட ஓடும். கரை சேர்ற வரைக்கும் ஓடும். ஆனா அதுக்கப்புறம் அந்த எஞ்சின் எஞ்சினா இருக்காது."

பேச்சுப் பெட்டியைப் பற்றியும் அப்போதுதான் சொன்னாள். வெளியாள் குரலில் எச்சரிக்கை வந்தால் மீன்பிடிக்கிறவர்கள் மதிப்பதில்லையாம். அதனால் பழக்க ஓட்டத்தின்போது டிரைவர் பேசுவதைக் கேட்டு, அவர் குரலையே எஞ்சின் கற்றுக்கொள்ளும். பிறகு அந்தக் குரலில்தான் பேசும்.

"நல்லாருக்கு. வீட்டுல ஒரு கஸ்பாரு கத்துதது காணாதுன்னு படகுலயும் ஒண்ணா?" என்றாள் மதினி. எஞ்சினைப் பார்க்க அவளும் வந்திருந்தாள். "இன்னொண்ணு வேணாம்மா, ஏற்கெனவே ரெண்டு இருக்கு. போன்ல இந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரு சத்தமும் ஒண்ணுதான். அதட்டுனா அவிய, முழுங்கி முழுங்கிப் பேசினா இன்னாசித் தம்பி. அப்படித்தான் ஆளக் கண்டுபிடிக்கேன்."

அண்ணன் அந்த எஞ்சினுக்கு மாப்ள என்று பெயர் வைத்தான். எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்கிறது, தொட்டால் நோவுது என்கிறது, புது மாப்பிள்ளை இப்படித்தான் இருப்பான் என்றான். கீழே உட்கார்ந்து அதனிடம் நாள் முழுக்கப் பேசுவான். மீன்விலை, ஊர்ச்சண்டை, மதினியின் மீன்குழம்பு எல்லாம் போகும். என்னிடம்கூட அவ்வளவு பேசியதில்லை.

அதில் சொல்லிவைப்பு என்று ஒரு வசதி இருந்தது. டிரைவர் தூங்கப் போகும்போது, இன்ன இடம் வந்தால் இன்னது சொல் என்று எஞ்சினிடம் சொல்லிவிட்டுப் படுக்கலாம். இடம் வந்ததும் மேலே சுக்கான் பிடித்திருப்பவனுக்கு அது டிரைவரின் குரலில் சொல்லிவிடும். ஒருநாள் நான் சுக்கானில் நிற்கிறேன். தீவு தெரிந்தது. கீழிருந்து அண்ணன் குரல், "லே, டீயப் போடு" என்றது. "இந்தா போடுதேன்" என்று திரும்பினால், அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான். அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் இதே விளையாட்டு. நானும் ஒவ்வொரு முறையும் ஏமாந்தேன். பாதி, வேண்டுமென்றே.

அந்தக் கடைசி நாள் காலையில் மதினியின் தங்கை மகளுக்குக் கோயிலில் புதுநன்மை, முதல் முறை நற்கருணை வாங்கும் நாள். பூசை, விருந்து எல்லாம் இருந்தது. எஞ்சினுக்கோ முதல் ஆயில் மாற்றும் நாள். மாற்றிவிட்டு ஒரு ஓட்டம் ஓட்டினால் பழக்க ஓட்டம் முடியும், அடுத்த வாரம் வலையோடு போகலாம் என்று அண்ணன் கணக்குப் போட்டிருந்தான். மதினி பட்டுச்சேலையோடு படகுத்துறைக்கே வந்துவிட்டாள்.

"கோயிலுக்கு வாரதுக்கு இல்ல. எஞ்சினுக்கு மாப்ளன்னு பேரு வச்சாச்சுல்லா, இனி அது வீட்டு விசேஷத்துக்குத்தான் போவீங்க. நாங்க யாரு?"

அண்ணன் கையில் புது ஆயில் பில்டரோடு எஞ்சின் அறைக்குள் இருந்தான். நிமிரவில்லை.

"போங்க. அது கூடயே குடும்பம் நடத்துங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

பழக்க ஓட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகிற வழக்கம் இல்லை. நாங்கள் இரண்டு பேர்தான். வலை இல்லை, சாப்பாடுகூட இல்லை. மாலையில் திரும்பும்போது வாடைக்காற்று எழுந்தது. அந்தப் பருவத்தின் முதல் காற்று. நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்தது, நினைத்ததைவிடப் பலமாகவும் வந்தது. அலை தளத்தின் மேல் ஏற ஆரம்பித்த நேரத்தில் கீழிருந்து குரல் வந்தது.

"ஆயிலு எறங்குது. நோவுது. நிப்பாட்டுதேன்."

அண்ணன் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "என் சத்தத்துலயே எனக்குச் சொல்லுதாம் பாரு" என்றபடி கீழே இறங்கினான். எஞ்சின் நின்றது. படகு குறுக்கே திரும்பி ஒரு அலையை முழுக்க வாங்கியது. இன்னொன்று அப்படி வாங்கினால் கவிழும் என்று தெரிந்தது.

"ஆயிலு பூரா படகு அடித்தட்டுல கெடக்குலே. அள்ளி ஊத்துதேன். நீ தலையத் திருப்பிப் புடி."

தன் கைலியை அவிழ்த்து, அதில் வடிகட்டி ஊற்றினான். உப்புத்தண்ணீர் கலந்து பால்டீ மாதிரி இருந்த ஆயில். பிறகு அவன் சொன்னது எனக்கு மேலே தெளிவாகக் கேட்டது.

"பொறுத்துக்க மாப்ள. கரை வரைக்கும் பொறுத்துக்க."

எஞ்சின் ஓடத் தொடங்கியது. தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க எஞ்சின் அறை மூடியை நான் சாத்தினேன். அண்ணன்தான் சாத்தச் சொன்னான். பிறகு எங்களுக்கு நடுவில் பேச்சுப் பெட்டி மட்டும்தான். அவன் பேசினாலும் எஞ்சின் பேசினாலும் அதன் வழியாகத்தான் மேலே கேட்கும். நான் சுக்கானை விட்டு ஓர் அடி நகர முடியாது. நகர்ந்தால் படகு மறுபடியும் குறுக்கே விழும். அதனால் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

"அண்ணே?"

"இருக்கேம்லே. நேராப் புடி."

ஒரே ஒரு தடவை மூடியை உள்ளிருந்து தட்டித் திறந்தான். "ஊத்துத ஆயிலு பூரா பீச்சிட்டுப் போவுது. சமையலுக்கு எண்ண இருக்காலே?" அடுப்பு என் காலுக்குப் பக்கத்தில்தான். ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி தேங்காயெண்ணெய் பாட்டிலை நீட்டினேன். ஒரு கை மேலே வந்தது. கறுத்து, பளபளவென்று. பாட்டிலை வாங்கிக்கொண்டு மூடியை இழுத்துச் சாத்தியது. அண்ணனை உயிரோடு நான் கடைசியாகப் பார்த்தது அந்தக் கையைத்தான்.

அதற்குப் பிறகும் கூப்பிட்டேன். பதில் வந்தது. "இருக்கேன்." "காத்துக்கு மூஞ்சியக் காட்டு." "பதறாத, போயிருவோம்." பொழுது மங்கி, தீவு விளக்கு முதல் தடவையாக மின்னியபோது நான் ஒன்றும் கேட்காமலே குரல் வந்தது.

"லே, வெளக்கு தெரியுதா? டீயப் போடு. வளையத்தப் பாக்காம வுட்டது என் அசதிதான். கோவத்துல இல்ல. மெட்டில்டாட்ட சொல்லிரு."

"என்ன வளையம்ணே?" என்றேன்.

"நேராப் புடி" என்றது குரல்.

அலைத்தடுப்புச் சுவருக்குள் நுழைந்ததும் கடல் குளம் மாதிரி அடங்கிவிட்டது. எஞ்சின் தானாக நின்றது. அவ்வளவு நேரமும் இருந்த இரைச்சல் போனதும் காது வலித்தது. எனக்கு என்னவோ சந்தோஷம். பிழைத்துவிட்டோம். அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டேன். இரண்டு கிளாஸில் ஊற்றி எடுத்துப்போய், காலால் மூடியைத் தள்ளித் திறந்தேன். புகை வந்தது.

அடக்கம் முடிந்த பிறகு, அண்ணன் சொன்னதை அப்படியே மதினியிடம் சொன்னேன். அவள் இரண்டு நாள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, கோவத்துல இல்லன்னு சொன்னது அவியளா, இல்ல அந்த மெஷினா?"

அண்ணன் குரலும் எஞ்சின் குரலும் எனக்கு ஒன்றாகத்தான் கேட்டன.

"அவிய சொல்லியிருந்தா நான் எப்படியும் இருந்துக்கிடுவேன். மெஷின் சொல்லியிருந்தா..." என்று நிறுத்தினாள். "என் வாய்தான் கொன்னுச்சு. கோவத்துலதான் எதையோ ஒழுங்கா மாட்டாமப் போயிருக்காவ."

எஞ்சினைப் பிரிக்கும் நாளில் இருவரும் பட்டறைக்குப் போனோம். வெளியாட்கள் பார்க்கக் கூடாது என்பது கம்பெனி விதி. நசீமா எங்களைப் பார்த்தாள், இரண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

எஞ்சின் தலைகீழாகக் கிடந்தது. முதலில் பில்டரின் தகரத்தை வெட்டி, உள்ளே இருந்த காகித மடிப்பை விரித்து எண்ணெயில் அலசினாள். தட்டில் மீன்செதில் பொடி மாதிரி மின்னியது. காந்தத்தைக் காட்டினாள். சில துகள்தான் ஒட்டின, ஒட்டாத மிச்சமெல்லாம் பேரிங் தேய்ந்த பொடி என்றாள். எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கை நீண்ட கம்பியால் திருப்பப் பார்த்தாள். பாதி வந்து இறுகிக்கொண்டது. பிஸ்டன்களில் விரலால் தடவினாள். கீறல் என்றாள். பிறகு அந்தத் தண்டைத் தாங்கும் பேரிங்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வெள்ளைத் துணியில் வைத்தாள். பாதி வளையல் மாதிரி வளைந்த மெல்லிய தகடுகள்.

"இதுல மூணு அடுக்கு இருக்கு அக்கா" என்று மதினியிடம் சொன்னாள். "மேல சாம்பல் நிறம், மெத்துன்னு இருக்கும். அடுத்து செம்பு. அதுக்கும் கீழ இரும்பு. ஆயில் இருந்தா சாம்பல் தேயவே தேயாது. கொறஞ்ச ஆயில்ல ஓடுனா சாம்பல் போயி செம்பு தெரியும். சுத்தமா இல்லாம ரொம்ப நேரம் ஓடுனாத்தான் இரும்பு."

துணியில் இருந்தவை எல்லாம் நடுவில் இரும்பாக இருந்தன. சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. ஓரமாகச் செம்பு. செம்பின் மேல் பழுப்பாக ஒரு பிசின். நசீமா அதைச் சுரண்டி முகர்ந்து என்னிடம் நீட்டினாள். கருகிய தேங்காயெண்ணெய். அதற்கும் வெளியே, நகக்கண் அகலத்துக்கு, சாம்பல் நிறம் மிஞ்சியிருந்தது.

"தேங்காயெண்ணெய் எங்க வச்சுக் குடுத்தீங்கண்ணே?"

இடத்தைச் சொன்னேன். அங்கிருந்து விளக்கு தெரியும் இடம் வெகுதூரம். அவள் பேரிங்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"அதுதான் கடைசியா உள்ள போனது. அதுக்கப்புறம் யாரும் எதுவும் ஊத்தல. இரும்பு இவ்வளவு நீலமாகணும்னா பாதி வழிக்கு மேல காஞ்சுபோயி ஓடியிருக்கு. அண்ணன் இருந்திருந்தா அடியில கெடந்ததையாவது அள்ளி ஊத்தியிருப்பார்." தலை நிமிராமல் சொன்னாள். "வெளக்கு தெரியும்போது அவர் இல்ல அக்கா."

மதினி அழவில்லை.

"அப்போ எனக்குப் பதில் சொன்னது?" என்றேன்.

"பெட்டி. மேல சுக்கான்ல இருக்கவங்க பதறக்கூடாது. அதுக்கு இருக்கிற கட்டளை அதுதான். பதில் வரலன்னா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?"

"எறங்கியிருப்பேன்."

"எறங்கியிருந்தா ரெண்டு பேரும் போயிருப்பீங்க."

"கீழ ஆளு செத்தது அதுக்குத் தெரியுமா?"

அவள் தகட்டைத் துணியில் திரும்ப வைத்தாள். "மூச்சுச் சத்தம் அதுக்குக் கேக்கும்ணே. நின்னா தெரியும்."

தெரிந்தே "இருக்கேன்" என்று சொல்லியிருக்கிறது. எனக்கு அதன்மேல் கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தேன். அது ஓடியதால்தான் நான் இருக்கிறேன். ஒவ்வொரு சுற்றுக்கும் நொந்துகொண்டு ஓடியிருக்கிறது. துணியில் கிடந்த தகடுகளைப் பார்த்தால் யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

"அன்னைக்குக் காலையில நான் பேசுனதும் அதுக்குக் கேட்டிருக்குமா?" என்றாள் மதினி.

"கேட்டிருக்கும்க்கா."

"அதான். நான் ஏசுனதக் கேட்டுட்டு, சமாதானம் சொல்லியிருக்கு. ஆறுதல் சொல்லத் தெரிஞ்ச மெஷினு." எழுந்து சேலையைச் சரிசெய்தாள். "வாங்க தம்பி, போவோம். வளையமாம், அசதியாம். ஒரு அர்த்தமும் இல்லாமப் பேசியிருக்கு. அத நான் நெசம்னு நெனச்சேன்."

கையைத் துடைத்துக்கொண்டிருந்த நசீமா நிறுத்தினாள்.

"வளையம்னா சொன்னது?"

அவளுக்கு அந்த வார்த்தைகளை நாங்கள் சொன்னதே இல்லை. நான் முழுக்கச் சொன்னேன். வளையத்தைப் பார்க்காமல் விட்டது என் அசதிதான், கோபத்தில் இல்லை. அவள் மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து எங்கள் முன்னால் வைத்தாள். உள்ளே இரண்டு கறுப்பு ரப்பர் வளையங்கள். ஒன்று முழுசாக இருந்தது, மற்றது பிய்ந்திருந்தது.

"இத உங்ககிட்ட காட்டக்கூடாதுன்னு வச்சிருந்தேன். எஞ்சின் வந்த அன்னைக்கே பார்த்துட்டேன். பழைய பில்டரைக் கழட்டும்போது அதோட வளையம் எஞ்சின் மேலயே ஒட்டிக்கிட்டு நின்னுருக்கு. அதக் கவனிக்காம புதுச மாட்டியிருக்கார். ரெண்டு வளையம் ஒண்ணுமேல ஒண்ணு. கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் பிச்சுக்கிட்டு ஆயில் பூரா வெளிய வந்துடும். பழகுன கைக்கும் இது நடக்கும். ஆனா அவர் கையால நடந்ததுன்னு உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"அத மெஷினு சொல்லியிருக்கும்லா?" என்றாள் மதினி.

"சொல்ல முடியாதுக்கா. ஆயில் கொறையறது மட்டும்தான் அதுக்குத் தெரியும். ஏன்னு தெரியாது. அதுக்கு வலி இருக்கு, கண்ணு இல்ல. இந்த வளையத்தக் கண்ணால பார்த்த ஒருத்தர்தான் இதச் சொல்ல முடியும்."

பட்டறையில் வேறெங்கோ சுத்தியல் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு அந்த டீ நினைவுக்கு வந்தது. வளையத்தையும் கோபத்தையும் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த நான், அந்த வாக்கியம் எப்படித் தொடங்கியது என்று யோசிக்கவில்லை.

"சொல்லிவச்சிருக்கான் மதினி" என்றேன். "வெளக்கு தெரியும்போது சொல்லுன்னு மாப்ளைட்ட சொல்லிவச்சிட்டுப் போயிருக்கான். டீயப் போடுன்னு வெளாடுவாம்லா, அது மாதிரி."

மதினி மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிய்ந்த வளையத்தைப் பையோடு எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ வெளக்கு தெரியும்போது தான் இருக்க மாட்டோம்னு அவியளுக்குத் தெரிஞ்சிருக்கு."

நசீமா இழுப்பறையைச் சாத்தினாள்.

"டீ போட்டீங்களா தம்பி?"

"போட்டேன் மதினி."

"அவியளுக்கும் சேத்தா?"

"ஆமா."

அவள் தலையசைத்தாள். பிறகுதான் அழுதாள்.

கிளம்பும்போது நசீமா தயங்கி நின்றாள். காரணம் என்று கம்பெனிக்கு ஒன்று எழுதித் தர வேண்டும். வளையத்தை எழுதினால் டிரைவரின் தவறு என்று ஆகும். மதினி பையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"உள்ளத எழுதும்மா. அவியளே ஒத்துக்கிட்டாவ."

அந்த எஞ்சினை உருக்கிவிட்டார்கள். ஒரு பேரிங் தகட்டை நசீமா எனக்குத் தந்தாள். அதன் ஓரத்தில் மிஞ்சிய சாம்பல் நிறம்தான் என் அண்ணன் அள்ளி ஊற்றிய அளவு. மதினி அதை வாங்கிக்கொள்ளவில்லை. அவளுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது என்றாள்.

இப்போது படகில் வேறு எஞ்சின். டிரைவரைக் கூப்பிட்டால் அவர் குரலில் தானே பதில் சொல்லும் வழக்கத்தைக் கம்பெனி எடுத்துவிட்டது. மற்றதெல்லாம் உண்டு, நோவும் உண்டு. பழக்க ஓட்டத்துக்கு நான் தனியாகத்தான் போனேன். அதனிடம் பேச வேண்டும், பேசினால்தான் குரல் கற்றுக்கொள்ளும் என்று நசீமா சொல்லியிருந்தாள். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். மீன்குழம்பைப் பற்றிச் சொன்னேன். அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. ஒருநாள் துறையை விட்டுக் கிளம்பும்போது, யாரும் கேட்காத நேரத்தில் கீழே குனிந்து ஒன்று சொல்லிவைத்தேன்.

திரும்பி வரும்போது கடல் சும்மா கிடந்தது. தீவு தெரிந்தது.

"லே, டீயப் போடு" என்றது கீழிருந்து.

நான் சொல்லிவைத்ததுதான். என் குரல்தான். முழுங்காமல், அதட்டலாகச் சொல்லியிருந்தேன் போல. போனில் எங்கள் சத்தம் ஒன்றுதான் என்று மதினி சொன்னபோது நான் நம்பியதில்லை.

"இந்தா போடுதேம்ணே" என்றேன்.